கழுதையாகிப்போன பையன்

அன்புள்ள ஐயா,

பேய்ப்படங்களைப் பற்றிய உங்கள் கட்டுரை நடுவில் திடீரென்று அனிமேஷன் சாகசப் படங்களுக்குத் தாவிவிட்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? என் எட்டு வயது மகளுக்கு அனிமேஷன் மட்டும்தான் காட்டுகிறேன். அதிலும் பயமான இடம் வந்தால் ஓட்டிவிடுவேன். தவறா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் எதற்கு மிரளுவாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் நீங்கள் ஓட்டிவிடும் இடத்தில்தான் பல நேரம் படத்தின் உயிர் இருக்கிறது.

1940இல் வந்த டிஸ்னியின் 'பினோக்கியோ'வில் மரப்பொம்மைப் பையன் பினோக்கியோவின் நண்பனாக வரும் லாம்ப்விக் என்ற போக்கிரிப் பையன் கழுதையாக மாறுவான். காதும் வாலும் முளைத்த பிறகும் அவனுக்கு விஷயம் தெரியாது, பினோக்கியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். அந்தச் சிரிப்பே கழுதைக் கத்தலாகிவிடும். பதறிப்போய் நண்பனைப் பிடித்துக் கெஞ்சுகையில் கைகள் குளம்புகளாகும். மிச்சத்தைச் சுவரில் விழும் நிழலாக மட்டும் காட்டுகிறார்கள். 'அம்மா' என்று அலறுகிறான். அப்புறம் அந்தக் குரலும் போய்விடுகிறது. பினோக்கியோ தப்பித்துவிடுவான். லாம்ப்விக்கை யாரும் மீட்பதில்லை, படம் அவனைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. பெரியவர்களுக்கான எத்தனை பேய்ப்படத்தில் இவ்வளவு இரக்கமற்ற காட்சி இருக்கிறது?

நடிகர் இப்படி மாறினால் நாம் ஒப்பனையை மெச்சத் தொடங்கிவிடுவோம். வரைந்த படத்தில் பையனும் கழுதையும் ஒரே கோட்டிலிருந்து வருகிறார்கள், எந்த இடத்தில் மாறினான் என்று பிரித்துப் பார்க்க முடியாது. சம்பந்தம் கேட்டீர்களே, முதலில் இதைத்தான் சொல்வேன்.

பயத்தை மெல்ல மெல்லக் கூட்டும் பொறுமை பேய்ப்படங்களுக்கும் ஒருகாலத்தில் இருந்தது, இப்போது தொலைத்துவிட்டன. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்துபோவாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கும், பிறகு நின்றுவிடும். ஏதோ பாயப்போகிறது என்று நாம் இறுகி உட்கார்ந்திருக்கும்போது சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ்! தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்தியையே 'லூட்டன் பஸ்' என்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த நீண்ட நடையை விட்டுவிட்டார்கள். திடுக்கிட வைக்கச் சத்தம் போதும், பயத்துக்கு அந்த நடை வேண்டும்.

அனிமேஷன் சாகசங்களுக்கு இப்போது வேறு நோய். பாதாளத்தில் தொங்கும்போதும் நாயகன் ஜோக் அடிக்கிறான். அவனுக்கே பயமில்லாதபோது அது என்ன சாகசம்? ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே'யில் (2001) அப்பாவும் அம்மாவும் பன்றிகளாகிவிட, அவர்களின் சிறு மகள் நடுங்கியபடியே ஆவிகளின் குளியல் விடுதியில் வேலை கேட்டுப் போகிறாள். விடுதிக்காரி மிரட்டினாலும் விடாமல் வேலை கேட்கிறாள் பாருங்கள், எனக்கு அதுதான் சாகசம்.

உங்கள் மகளுக்கு அதையே முதலில் காட்டலாம். பக்கத்தில் உட்காருங்கள், ரிமோட்டை அவள் கையில் கொடுங்கள், வேண்டாமென்றால் அவளே நிறுத்தட்டும். 'கோரலைன்' (2009) மட்டும் இன்னும் சில வருடம் போகட்டும். கண்ணுக்குப் பதில் பொத்தான் தைத்த, அன்பொழுகப் பேசும் இன்னொரு அம்மா வருகிறாள் அதில். அதை நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள்.