தொங்குவது தோலா, தசையா, புருவமா?

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு 54 வயது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். நிச்சயதார்த்த ஆல்பம் வந்தது, எல்லாப் படத்திலும் நான் தூங்கி வழிகிற மாதிரியே இருக்கிறேன். சம்பந்தியம்மா "உடம்பு சரியில்லையா?" என்றே கேட்டுவிட்டார். மேல் இமை இரண்டும் தொங்கிவிட்டன. மை இட்டால் அரை மணி நேரத்தில் மேலே ஈஷிக்கொள்கிறது. ஆபரேஷன் என்றால் பயம். பக்கத்து பார்லரில் மெஷின் வைத்து ஒரே சிட்டிங்கில் தூக்கிவிடலாம் என்கிறார்கள். டேப், சொட்டு மருந்து, போடாக்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மூன்று மாதம்தான் இருக்கிறது, எதைச் செய்யட்டும்?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: பார்லருக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதற்கு முன் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இமை தொங்குகிறது என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதற்குள் மூன்று வேறு சமாசாரங்கள் இருக்கின்றன: இமைத் தோல் தளர்ந்து வழிவது, இமையைத் தூக்குகிற தசை தளர்வது, புருவமே இறங்கி வந்து இமைமேல் உட்கார்ந்துகொள்வது. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. பணம் வீணாவதெல்லாம் இந்த இடத்தில்தான்.

ஜன்னல் வெளிச்சத்தில் நேராகப் பாருங்கள். நெற்றியைச் சுருக்கக் கூடாது. (அது பலருக்கு வரவே வராது, புருவத்துக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.) கண்ணின் பாப்பா நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளிக்கும் இமை விளிம்புக்கும், அதாவது மயிர் முளைக்கிற கோட்டுக்கும், சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். விளிம்பே இறங்கி வந்து பாப்பாவை மறைத்தால் அது தசை விவகாரம், நாங்கள் டோசிஸ் என்போம். விளிம்பு தன் இடத்திலேயே இருந்து, அதற்கு மேலே தோல் மடிந்து மயிரில் படுகிறது என்றால் அது தோல். அப்புறம் விரலால் புருவத்தை மட்டும் கொஞ்சம் மேலே தூக்கிப் பாருங்கள், கண் பளிச்சென்று திறந்துவிட்டால் புருவத்துக்கும் அதில் பங்கு உண்டு.

மை ஈஷிக்கொள்கிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி எனக்குப் பாதி சொல்லிவிட்டது. மடிந்த தோல் விளிம்பில் வந்து உரசுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் அப்படி ஆகும். ஆகவே உங்களுடையது தோல், கூடவே கொஞ்சம் புருவம் என்பது என் ஊகம். நேரில் பார்க்காமல் ஊகத்துக்கு மேல் போக மாட்டேன்.

சரி, போடாக்ஸ். புருவத்தின் வெளி ஓரத்தைக் கீழே இழுக்கிற தசையை அது தளர்த்துகிறது. இழுப்பவன் கை தளர்ந்தால் புருவம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறும், அவ்வளவுதான் நடக்கிறது. சில நாளில் தெரிய ஆரம்பித்து இரண்டு வாரத்தில் முழுசாகத் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இமை கனத்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் நாள் முழுக்க நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நெற்றியில் மூன்று கோடு, சாயங்காலமானால் தலைவலி, இரண்டுக்கும் காரணம் அதுதான். அந்தக் கோடுகள் அசிங்கமாக இருக்கின்றன என்று நெற்றி முழுக்க போடாக்ஸ் போட்டுக்கொண்டால் முட்டுக்கொடுத்த கம்பத்தையே பிடுங்கின மாதிரி ஆகி, இமை முன்பைவிடக் கீழே வந்துவிடும். ஊசி மருந்து இடம் மாறி இமையைத் தூக்கும் தசைக்குப் போய்விட்டாலும் இமை இறங்கும். தானாகச் சரியாகும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். எனவே போடுவதாக இருந்தால் முகூர்த்தத்துக்கு ஒன்றரை மாதமாவது முன்னால் போட்டுவிடுங்கள். கல்யாண வாரத்தில் முதல் தடவையாகப் போட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

சொட்டு மருந்து என்று உங்களிடம் யாரோ சொன்னது ஆக்சிமெட்டசோலின் 0.1 சதவீதமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2020-ல் அனுமதித்தது. இமைக்குள் முல்லர் தசை என்று ஒரு சின்ன தசை இருக்கிறது, இந்த மருந்து அதைச் சுருங்க வைத்து விளிம்பைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் தூக்கும், சில மணி நேரத்துக்கு. ஒரு மில்லிமீட்டரா என்று நினைக்காதீர்கள், கண்ணில் அது நன்றாகவே தெரியும். ஆனால் இது டோசிஸ்காரர்களுக்கான மருந்து, வழிகிற தோலுக்கு இதில் ஒன்றும் இல்லை. ரத்த அழுத்தம், இதய நோய், சில வகை கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோய்) உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. இன்னொன்று, மூக்கடைப்புக்கு நாம் வாங்குகிற சொட்டு மருந்திலும் இதே ஆக்சிமெட்டசோலின்தான் இருக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு அதைக் கண்ணில் விட்டுப் பார்க்கிற புத்திசாலித்தனம் யாருக்கும் வேண்டாம்.

மெஷினுக்கு வருவோம். அல்ட்ராசவுண்ட், ரேடியோ ஃப்ரீக்வன்சி இரண்டுமே சூடு கொடுத்துத் தோலின் கொலாஜனை, அதாவது தோலை விறைப்பாக வைத்திருக்கிற புரதத்தை, இறுக்குகிற முறைகள். புதுக் கொலாஜன் உருவாகி பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், "ஒரே சிட்டிங்கில் தூக்கிவிடும்" என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது. தளர்ச்சி லேசாக இருந்தால் கொஞ்சம் இறுகும், நிஜமாகவே வழிகிற தோலை அது எங்கே கொண்டு போய் ஒளித்து வைக்கும்? பிளாஸ்மா பென் என்று தோலில் புள்ளி புள்ளியாகச் சுடுவதும் ஒன்று இருக்கிறது. நம் மாநிறத்துக்குச் சுட்ட இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கக்கூடும், எனக்கு அதில் விருப்பமே இல்லை. இமைமேல் சூடு படுகிற எதைச் செய்தாலும் கருவிழிக்குக் கவசம் மாட்டித்தான் செய்ய வேண்டும். பார்லரில் அந்தக் கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள், முழிப்பார்கள். பள்ளத்தை நிரப்புகிற ஃபில்லர் ஊசியும் பார்லரில் வேண்டாம். மருந்து ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்தால் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் போனால் போனதுதான்.

இமைத் தோலைத் தூக்கி ஒட்டிவைக்கிற டேப் மலிவு, ஆபத்தும் இல்லை. முகூர்த்தத்தில் ஹோமப் புகையில் கண் கலங்கி, வீடியோ லைட்டில் வியர்த்து, அது உரிந்து தொங்குமா என்பதை வீட்டில் ஒருநாள் ஒட்டிக்கொண்டு சமையலறையில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிரீம், வெள்ளரிக்காய், டீ பை எல்லாம் வீக்கம் வற்றுவதற்கு உதவலாம், இமை தூக்குவதற்கு அல்ல.

பயப்படுகிறீர்கள் என்று தெரிந்தே ஒன்று சொல்கிறேன். தோல்தான் காரணம் என்றால், வழிகிற தோலை வெட்டி எடுக்கிற அந்த ஆபரேஷன் பெரும்பாலும் மரத்துப்போகிற ஊசி போட்டுச் செய்வது, ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை, தையல் ஒரு வாரத்தில் பிரித்துவிடலாம். மூன்று மாதத்தில் வீக்கம், ரத்தக்கட்டு எல்லாம் வடிந்துவிடும். செய்யுங்கள் என்று தள்ளவில்லை. ஆக்குலோபிளாஸ்டி டாக்டர், அதாவது இமை ஆபரேஷன் செய்கிற கண் டாக்டர், ஒருவரிடம் காட்டிவிட்டுப் பயப்படுங்கள் என்கிறேன். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் காட்டலாம், 1819-லிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி. போகும்போது உங்கள் கல்யாண ஆல்பத்தையும் எடுத்துப் போங்கள். பிறவியிலேயே இப்படியா, பிறகு இறங்கியதா என்பது அதில் தெரியும்.

கேள்வி: புருவத்துக்குக் கீழே அதிகமாக திரெடிங் செய்தால் இமை தூக்கினாற்போல் தெரியும் என்கிறார்களே, உண்மையா?
- கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: தெரியும், கொஞ்சம். கண் அப்படியேதான் இருக்கும், இடைவெளிதான் கூடும். இமை மயிரைச் சுருட்டிவிடுகிற கர்லரும் அதே கண்கட்டு வித்தைதான், செலவு குறைவு. உங்கள் வயதில் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

கேள்வி: வயது 29, ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. பத்து வருடமாக கான்டாக்ட் லென்ஸ். ஒரு மாதமாக இடது இமை சாயங்காலம் ஆனால் இறங்குகிறது, காலையில் சரியாக இருக்கிறது. சில நாள் லிப்டில் இருக்கிற நம்பர் இரண்டிரண்டாகத் தெரிகிறது. அந்தச் சொட்டு மருந்து எனக்கு உதவுமா?
- வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: தம்பி, இது அழகு விஷயம் இல்லை. பல வருடம் லென்ஸ் போடுகிறவர்களுக்கு இமைத் தசை தளர்வது உண்டு, ஆனால் அது காலையில் ஏறி சாயங்காலம் இறங்காது, எதையும் இரண்டாகவும் காட்டாது. நீங்கள் சொல்வதைக் கேட்டால் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயைத்தான் முதலில் யோசிக்கத் தோன்றுகிறது. நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய், உபயோகிக்க உபயோகிக்கத் தசை களைத்துப்போகும். மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்து எடுத்து இமை ஏறுகிறதா என்று நாங்களே பார்ப்போம், பிறகு ரத்தப் பரிசோதனை. மருந்தில் கட்டுப்படுகிற நோய்தான். சொட்டு மருந்து போட்டு இமையைத் தூக்கிக்கொண்டால் உள்ளே இருப்பது தெரியாமல் நாள் போகும்.

இந்த வாரமே கண் டாக்டர் அல்லது நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தாலும், திடீரென்று இமை முழுதாக இறங்கி, கடுமையான தலைவலியோ ஒரு கண்ணில் மட்டும் பாப்பா விரிந்தோ இருந்தாலும் வாரம் கூடக் காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே எமர்ஜென்சிக்குப் போய்விட வேண்டும். சாதாரணமாகப் போகிறதென்றால் மூன்று நாளைக்குக் காலையில் எழுந்ததும் ஒன்று, ராத்திரி, ஷிப்ட் முடிந்ததும் ஒன்று என்று ஒரே வெளிச்சத்தில் செல்ஃபி எடுத்து, நேரத்தோடு காட்டுங்கள். டாக்டரைப் பார்க்கிற நேரம் பார்த்து இமை சமர்த்தாக மேலே இருக்கும்.