முதல் பனிக்காலமும் காரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டொரண்டோவுக்கு வந்து இதுதான் எனக்கு முதல் குளிர்காலம். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன், அதில் ஆல் சீசன் டயர் இருக்கிறது. "பேரிலேயே எல்லா சீசனும் இருக்கே, வின்டர் டயர் எதுக்கு வீண் செலவு?" என்கிறார் மாமா. மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: மாற்றிவிடுங்கள். மாமாவோடு சண்டை வேண்டாம், பேரை வைத்த கம்பெனிக்காரர்களைத்தான் சொல்ல வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே போனாலே ஆல் சீசன் டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறைய ஆரம்பிக்கும்; வின்டர் டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளக்கமாகவே இருக்கும், அதனால் பனியே விழாத காய்ந்த ரோட்டில்கூட பிரேக் அடிக்கும்போது வித்தியாசம் தெரியும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாலு சக்கரத்துக்கும் போடுங்கள். இரண்டுக்கு மட்டும் போட்டால் வளைவில் முன்பக்கம் ஒரு வழி, பின்பக்கம் ஒரு வழி. "என்னுது ஆல் வீல் டிரைவ்", அதாவது நாலு சக்கரத்துக்கும் என்ஜின் விசை போகும் வண்டி, என்று சிலர் தைரியமாகக் கிளம்புவார்கள். அது வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். உங்கள் ஒன்டாரியோவில் பொதுவாக அப்படி இல்லை, ஆனால் 2016 முதல் வின்டர் டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: காருக்குள் ஹீட்டர் இருக்கிறதே, அப்புறம் எதற்குக் கனமான உடை?
– வாசகி, பிராம்ப்டன்

பதில்: ஹீட்டர் ஓடும்வரை சரி. 401 நெடுஞ்சாலையில் விபத்து நடந்து வண்டிகள் மணிக்கணக்கில் நின்றால், அல்லது டயரை மாற்ற நீங்களே இறங்க வேண்டி வந்தால்? மைனஸ் 20-ஐ விட எனக்குப் பயம் பூஜ்யத்தை ஒட்டிய நாட்கள்தான்: மழையும் பனியும் கலந்து கொட்டும், தரையெல்லாம் சகதி, ஜீன்ஸும் பருத்தி சாக்ஸும் நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளி சாக்ஸ், தண்ணீர் புகாத பூட்ஸ், மேலே மழை தாங்கும் ஜாக்கெட், இவ்வளவு போதும். குழந்தைகளுக்கு மட்டும் தடித்த கோட்டின் மேல் பெல்ட் மாட்டாதீர்கள், பெல்ட் இறுகப் பிடிக்காது. கோட்டைக் கழற்றி, பெல்ட் போட்டபின் அதையே மேலே போர்த்திவிடுங்கள்.

கேள்வி: டிக்கியில் என்னென்ன வைக்கலாம்?
– வாசகர், மாண்ட்ரியல்

பதில்: சின்ன மண்வாரி, ஜம்பர் கேபிள் (பேட்டரி இறங்கினால் இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைக்கும் வயர்), டார்ச், ஒரு கம்பளி. மைனஸ் 40 வரை உறையாத கண்ணாடி கழுவும் திரவம் ஒரு கேன். பனி சுரண்டும் பிரஷ்ஷை மட்டும் வீட்டுக்குள் வையுங்கள், டிக்கியே உறைந்து திறக்காமல் போகும் நாள் வரும். பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே இறங்க வேண்டாம். பனியில் சிக்கி என்ஜினை ஓடவிட்டு உட்கார நேர்ந்தால், முதலில் இறங்கிப் புகைக்குழாயை அடைத்திருக்கும் பனியைத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது.