அப்பப்பாவின் ஆமைக்கறி

கேள்வி: அப்பப்பா காலத்தில் ஆமைக்கறி இல்லாமல் எங்கள் வீட்டில் விசேஷமே இல்லை. இப்போது வெட்டினால் வழக்கு என்கிறார்கள். தலைமுறையாகச் சாப்பிட்டதைத் தடுக்க இவர்கள் யார்?
- வாசகர் ஒருவர், சாம்பல்தீவு, திருகோணமலை.

பதில்: அந்த ருசி எனக்கும் தெரியும். சின்ன வயதில் நிலாவெளியில் சாப்பிட்டவன்தான். ஆமையின் கொழுப்பிலேயே இறைச்சி வேகும். மிளகும் சீரகமும் அம்மியில் அரைத்துப் போட்டால் மணம் நாலு வீட்டுக்குப் போகும். ஆனால் முதல்நாள் இரவையும் பார்த்தவன். கிணற்றடியில் மல்லாத்திப் போட்ட ஆமை விடியும்வரை துடுப்பை அடித்துக்கொண்டு கிடந்தது. கண்ணில் கோழைபோல நீர் வடிந்தது. உடம்பின் உப்பை வெளியேற்றும் நீர் அது என்று பிறகு படித்தேன். படித்தும் அந்தக் கண் மறக்கவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். இது நேற்று வந்த தடையில்லை, கடலாமைகளைக் காக்க இலங்கையில் 1972 முதல் உள்ள சட்டம். பச்சை ஆமை முட்டையிடும் வயதுக்கு வரவே 20 வருடத்துக்கு மேலாகும். ஒரு தடவைக்கு நூறு முட்டை போடும், ஆயிரம் குஞ்சில் ஒன்று தேறினால் பெரிது. முட்டையிடக் கரையேறுவது பெட்டை, சுலபமாகப் பிடிபடுவதும் அதுதான். அப்பப்பா காலத்தில் அதற்குக் கத்தி மட்டும்தான் எமன். இன்று நைலோன் வலை இருக்கிறது, விசைப்படகு இருக்கிறது. கரையோர ஹோட்டல் வெளிச்சத்தைக் கடலென்று நம்பி, பொரித்த குஞ்சு ரோட்டுக்கு ஏறுகிறது. இத்தனைக்கும் மேலே உங்கள் கத்தியும் வேண்டுமா?

உங்கள் பிள்ளைகளையும் நினையுங்கள். 1840இல் பாணந்துறையில் ஆமை தின்ற 28 பேரில் 18 பேர் ஒரே இரவில் செத்தார்கள். அழுங்காமை என்ற கடலாமை இனத்தின் இறைச்சியில் சில வேளை நஞ்சு இருக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை. தாய் தின்றால் பாலில் குழந்தைக்கும் போகும். நிலாவெளிக்கு எதிரே நம் புறாத்தீவுப் பவளப்பாறையில் மேய்கிறதே, அதுவும் அழுங்காமைதான்.

அப்பப்பா வீட்டுக் கைப்பக்குவம்தான் வேண்டுமென்றால் அதே அரைத்த சரக்கைக் கணவாய் மீனுக்குப் போடுங்கள். அப்புறம், வலையில் ஆமை சிக்கி மயங்கிக் கிடந்தால் செத்துவிட்டதென்று நினைக்காதீர்கள். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஈரச்சாக்குப் போர்த்தி நிழலில் வையுங்கள். நுரையீரலில் ஏறிய தண்ணீர் வடியும். துடுப்பை அசைக்கத் தொடங்கியதும், படகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு மெதுவாகக் கடலில் இறக்கிவிடுங்கள்.