வீட்டில் எழுதிய டிவிடி காப்பியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. தட்டு கோளாறா, பிளேயர் கோளாறா?

எந்த டிவிடி என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் "கம்ப்யூட்டரில் காப்பி போட்டேன், முக்கால்வாசி நன்றாக ஓடுகிறது, அப்புறம் உடைகிறது" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் வீட்டு விசேஷ வீடியோவாகத்தான் இருக்கும். அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். திருட்டுக் காப்பிக்கு யோசனை சொல்கிறான் என்று கிளம்புகிறவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

முதலில் தட்டைத் துடைப்பதை நிறுத்துங்கள். நான் ஒரு வாரம் துடைத்தேன்.

2008இல் அக்கா கல்யாணம். முகூர்த்தம் எங்கள் ஊர் கோவில்பட்டியில், வரவேற்பு அத்தான் ஊரான தென்காசியில். ஸ்டுடியோக்காரர் இரண்டு மணி நேரத்தை ஒரே டிவிடியில் அடக்கி இரண்டு காப்பி தந்தார். கூடுதல் காப்பி ஒன்றுக்கு 150 ரூபாய் என்றார். வீட்டில் அப்போதுதான் ரைட்டர் வைத்த கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். சும்மா இருக்காமல் "நானே போட்டுத் தர்றேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். 50 தட்டு அடுக்கிய டப்பா, இருப்பதிலேயே மலிவானது. எழுதும் வேகம் 16 எக்ஸ், அதாவது சாதாரண வேகத்தைப் போல் 16 மடங்கு. ஒரே ராத்திரியில் 25 காப்பி.

பத்து நாளில் தென்காசியிலிருந்து போன். முகூர்த்தமெல்லாம் பளிச்சென்று இருக்கிறதாம். வரவேற்பு தொடங்கியதும் படம் கட்டம் கட்டமாக உடைகிறதாம், அவர்கள் சொந்தக்காரர்கள் வரிசையாக மேடை ஏறுகிற இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறதாம். அத்தானின் அம்மா நேராக எதுவும் கேட்கவில்லை. "உங்க பக்கம் மட்டும் நல்லா விழுந்திருக்கே தம்பி" என்றார். அவ்வளவுதான். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நடந்தது இதுதான். பழைய இசைத்தட்டுக்கு நேர் எதிராக, டிவிடியில் உள்ளிருந்து வெளியே எழுதிக்கொண்டு போகும். ஆக, படத்தின் கடைசிப் பகுதி வெளி விளிம்பில் போய் விழும். 16 எக்ஸ் என்று போட்டாலும் ரைட்டர் உள்பக்கம் ஆறு, ஏழு எக்ஸில்தான் தொடங்கும். முழு வேகத்தை எட்டுவது விளிம்புக்குப் போகும்போது. மலிவுத் தட்டில் தகவல் பதிகிற சாயப்பூச்சு சொதப்புவதும் அங்கேதான், நாம் விரல் வைத்துப் பிடிப்பதும் அங்கேதான். 4.7 ஜிபி தட்டு என்கிறார்களே, அது விண்டோஸ் கணக்கில் 4.37தான். எங்கள் கல்யாணம் 4.3. விளிம்பு வரை நிரம்பி வழிந்தது. சம்பந்தி வீட்டார் எல்லாரும் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கட்டம் ஏன் வருகிறது என்றால், டிவிடி ஒவ்வொரு படத்தையும் முழுசாக வைப்பதில்லை. ஏறக்குறைய அரை நொடிக்கு ஒரு முழுப்படம், நடுவில் உள்ளவற்றுக்கு என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். அந்த முழுப்படத்தில் ஒரு துண்டு படிக்க முடியாமல் போனால், அடுத்த முழுப்படம் வரும்வரை சதுரம் சதுரமாகத்தான் தெரியும்.

இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளில் 8 எக்ஸ் வைத்து, எழுதி முடித்ததும் சரிபார்க்கும் 'வெரிஃபை' டிக்கையும் போட்டு, ஓரளவு நல்ல தட்டில் மறுபடி எழுதினேன். தென்காசியில் கடைசி வரை ஓடியது. தட்டுக்கு இரண்டு மூன்று நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் வாங்கிய பெயர் அது. (4 எக்ஸ்தான் உத்தமம் என்று யாராவது வருவார்கள். 16 எக்ஸுக்கென்று செய்த தட்டை ரொம்ப மெதுவாக எழுதினாலும் கெடும். எனக்கு 8 சரிப்பட்டது.)

உங்கள் கேஸ் இதேதானா என்று பார்க்க, உடைகிற தட்டிலிருந்து, படம் இருக்கும் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை ஹார்டு டிஸ்குக்கு இழுத்துப் போடுங்கள். பாதியில் எரர் காட்டி நின்றால் தட்டுதான் கோளாறு. முழுசாக வந்து, கம்ப்யூட்டரில் வீடியோ ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் ஒழுங்காக ஓடினால் உங்கள் பிளேயரின் லென்ஸைப் பாருங்கள், அல்லது அந்த ரகத் தட்டு அதற்குப் பிடிக்கவில்லை. கட்டமாக இல்லாமல், ஆள் அசையும்போது மட்டும் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் அது இன்டர்லேஸ் (ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் தனித்தனியாக எடுத்துச் சேர்ப்பது), வேறு கதை. ஹார்டு டிஸ்கிலும் ஒரிஜினல் தட்டிலும் அதே இடத்தில் உடைந்தால் கோளாறு உங்களிடம் இல்லை. இனி எத்தனை முறை எழுதினாலும் அது போகாது.

அந்தக் கடைசி வகை எங்களிடமும் ஒன்று உண்டு. தாய்மாமன் அக்காவுக்கு மாலை போடுகிற இடம். இரண்டே நொடி, மாமா முகம் மட்டும் சதுரங்களாகக் கலைந்து மறுபடி கூடும். ஸ்டுடியோ கொடுத்த ஒரிஜினலிலேயே அப்படித்தான். டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கும்போது டேப்பைப் படிக்கும் கேமரா ஹெட்டில் அழுக்கு இருந்தாலும் இப்படி வரும், மறுபடி இறக்கினால் சரியாகலாம் என்று போய்க் கேட்டேன். "அந்த டேப்புல அடுத்த முகூர்த்தம் எடுத்தாச்சே தம்பி" என்றார் ஸ்டுடியோக்காரர், ஏதோ டம்ளரைக் கழுவி அடுத்தவருக்கு டீ ஊற்றியது போல.

நூற்றுச்சொச்சம் ரூபாய் டேப். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, மணமக்கள் முகத்தை இதய வடிவத்துக்குள் சுழல விட, ரோஜாப்பூ பறக்க விடவெல்லாம் நேரம் இருந்தது. அந்த டேப்பை எடுத்து வைக்க மட்டும் மனசு வரவில்லை. இப்போதும் அதே கதைதான். போன வருஷம் தங்கை மகள் காதுகுத்து வீடியோவில் ஒரு இடம் விட்டுப்போனது என்று கேட்டால், "மூணு மாசத்துல டெலிட் பண்ணிடுவோம் சார்" என்கிறார்கள். முன்பணம் வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எடுத்ததை எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்கில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஒரிஜினல் இன்னும் படிக்கிறதென்றால் இன்றைக்கே இறக்கி வையுங்கள். நாங்கள் இப்போது பென்டிரைவில்தான் பார்க்கிறோம். அந்த இடம் வரும்போதெல்லாம் மாமா என்னைக் கைகாட்டி, "இவன்தான் காப்பி போடுறேன்னு என் மூஞ்சிய அழிச்சவன்" என்கிறார். டேப் கதையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இப்போது சொல்வதில்லை.