மறுநாள் தொடங்கும் தொடைவலி

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் கபடி அணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். முதல் நாளே நூறு பஸ்கி எடுக்க வைத்தார்களாம். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாளிலிருந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் மாடிப்படி இறங்குகிறாள். பயிற்சியை நிறுத்திவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்த வேண்டாம், அளவைக் குறைத்தால் போதும். பலரும் நினைப்பதுபோல் இது தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தால் வரும் வலியன்று. அது பயிற்சி முடிந்த ஓரிரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். பஸ்கியில் கீழே அமரும்போது தொடைத்தசை உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்வதால், பழக்கமில்லாத தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, அவற்றைச் சரிசெய்ய உடல் எடுக்கும் முயற்சியில் அழற்சி உண்டாகி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்தை அடைகிறது. தசைச் சிதைவே காரணம் என்று அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902-லேயே எழுதினார். படி இறங்குவதிலும் தொடைத்தசை அவ்வாறே நீள்வதால்தான், ஏறுவதைவிட இறங்குவது உங்கள் மகளுக்குக் கடினமாக இருக்கிறது.

வலி தணியும்வரை மெதுநடை போதும். பிறகு பத்துப் பதினைந்து பஸ்கியில் தொடங்கி, வாரந்தோறும் கூட்டட்டும். ஒருமுறை வலித்த தசை அதே பயிற்சிக்கு அடுத்தமுறை அவ்வளவாக வலிப்பதில்லை. புதியவர்களை முதல் நாளே நூறு எடுக்கச் சொல்வது, என் பார்வையில், பயிற்சியே அன்று. சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனாலோ, தொடை மிகவும் வீங்கினாலோ, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.