கேப் போட்ட பல்லு ஆடுது, பிடுங்கிடலாமா?

கேள்வி: மூணு மாசம் முன்னாடி கீழ் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் பண்ணி, பல்லு மேல மாட்டுற உறை, அதான் கேப், போட்டேன் டாக்டர். வாயை மூடுனா அந்தப் பல்லுதான் முதல்ல முட்டுது, போகப்போகப் பழகிடும்னாங்க. இப்போ கடிச்சா வலிக்குது, லேசா ஆடவும் செய்யுது. ஈறுல ரத்தமோ வீக்கமோ இல்ல. நரம்பையே எடுத்தாச்சு, அப்புறம் எப்படி வலிக்கும்? வீட்டுல பிடுங்கிடச் சொல்றாங்க. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அவசரப்பட்டுப் பிடுங்கிடாதீங்கம்மா. ரூட் கெனால்ல எடுக்கிறது பல்லுக்கு உள்ள இருக்கிற நரம்பைத்தான். பல்லு எலும்போட நேரா ஒட்டிக்கிட்டு இல்ல, வேருக்கும் எலும்புக்கும் நடுவுல 0.2 மில்லிமீட்டர் கனத்துல நார் நாரா ஒரு ஜவ்வு இருக்கு, அதுல ரத்தக்குழாயும் இருக்கு, நரம்பும் இருக்கு. சாதத்துல ஒரு துளி மணல் கடிபட்டாக்கூட டக்குனு தெரியுதே, அந்த ஜவ்வு நரம்புக்கும் அதுல பங்கு இருக்கு. உங்களுக்கு வலிக்கிறதும் அங்கதான்.

கேப் கொஞ்சம் உயரமா இருந்தா ஒவ்வொரு தடவை வாயை மூடும்போதும் மொத்த அழுத்தமும் முதல்ல அந்த ஒத்தப் பல்லு மேலதான் விழும். ஜவ்வு நசுங்கும், நசுங்குற பக்கத்துல எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரையும், ஜவ்வோட இடம் அகலமாகும், அதான் பல்லு ஆடுறது. எக்ஸ்ரேல வேரைச் சுத்தி மெல்லிசா தெரிய வேண்டிய கறுப்புக் கோடு பட்டையாத் தெரியும். ஈறு ஆரோக்கியமா இருந்து காரணம் இது மட்டும்தான்னா, உயரத்தைக் குறைச்சதும் பெரும்பாலும் வலி சீக்கிரமே அடங்கிடும், ஆட்டம் நிக்கத்தான் சில வாரமோ மாசமோ ஆகும்.

நேர் மேல இருக்கிற பல்லோட வெளிப்பக்கத்துல விரலை வச்சுக்கிட்டு, டக் டக்குனு பல்லைத் தட்டிப் பாருங்க. அந்தப் பல்லு மட்டும் விரல்ல அதிருதுன்னா அதுவும் சேர்ந்து அடி வாங்குதுன்னு அர்த்தம். டாக்டர் ஒரு கலர் பேப்பரைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாப் பதியுற இடத்தை லேசா தேய்ச்சு விடுவார், அஞ்சு பத்து நிமிஷ வேலை. ஆனா வேர்ல விரிசல் இருந்தாலும், வேர் நுனியில சீழ் இருந்தாலும் இதே மாதிரிதான் வலிக்கும், அதனால எக்ஸ்ரே கட்டாயம் எடுத்துருங்க. "பழகிடும்"னு யாராவது அனுப்பி வச்சா எனக்குக் கோபம்தான் வரும், நாலு நாள் தாண்டியும் பல்லு முட்டுச்சுன்னா கூச்சப்படாம திரும்பப் போய் நில்லுங்க, அது உங்க உரிமை.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயசு, சுகர் இருக்கு. தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிப்பார். ஈறுல ரத்தம் வருது, முன்பல்லு ரெண்டு ஆடுது. பல்லைக் கடிக்கிறதாலதான் ஈறு கெட்டுச்சு, தூங்கும்போது பல்லுல மாட்டிக்கிற நைட் கார்டு போட்டா போதும்னு தெரிஞ்சவர் சொல்றார், சரியா? (வாசகர், கரூர்)

பதில்: சரியில்ல தம்பி, இதை நம்பி உக்காந்தா பல்லு போயிடும். ஈறு நோயை ஆரம்பிச்சு வைக்கிறது பல்லுல படியுற கிருமிப் படலம்தான், கடிக்கிற அழுத்தம் இல்ல. 1970கள்ல ஸ்வீடன்ல நாய்களை வச்சுப் பார்த்த ஆராய்ச்சிகள்ல, ஈறு சுத்தமா இருந்தப்ப எவ்வளவு ஆட்டிவிட்டாலும் பல்லு ஆடுச்சே தவிர ஈறு வேரை விட்டுக் கீழ இறங்கல, ஏற்கனவே ஈறு நோய் இருந்த பல்லுலதான் அழுத்தமும் சேர்ந்து சேதத்தை வேகப்படுத்துச்சு. 2017ல சிகாகோவுல கூடுன உலக நிபுணர்களும் அதிக அழுத்தம் ஈறு நோயை உண்டாக்குதுன்னு சொல்ல மனுஷங்ககிட்ட ஆதாரம் இல்லன்னுதான் சொன்னாங்க.

அப்பாவுக்கு ரெண்டுமே இருக்கு. எலும்பு பாதி கரைஞ்ச பல்லுக்கு சாதாரணமா மெல்லுற அழுத்தமே தாங்காது, இதுல ராத்திரி நறநறப்பு வேற. அதனால முதல்ல பல்லுல கெட்டியாப் படிஞ்சிருக்கிற காரையை எடுத்து, ஈறுக்குக் கீழ வேர் வரைக்கும் சுத்தம் பண்ணணும், கூடவே சுகரை கண்ட்ரோல்ல கொண்டு வரணும், ஏன்னா சுகர் ஏறினா ஈறு ஆறாது. வீக்கம் வத்துனாலே ஆட்டம் கொஞ்சம் குறையும். அதுக்கப்புறமும் ஆடுனா கடியைச் சரிபண்றது, பல்லுகளைச் சேர்த்துக் கட்டுறது, நைட் கார்டு எல்லாம் யோசிக்கலாம். கார்டு கடையில வாங்குற ரப்பர் மாதிரி இல்லாம, அளவெடுத்து செஞ்சதா இருக்கட்டும்.

கேள்வி: சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கிட்டுதான் இருக்கணுமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: வேண்டாம்மா. உதடு மூடியிருக்கலாம், பல்லு ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்கணும். சாப்பிடுறது, முழுங்குறது எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்குப் பல்லு தொடுறது 20 நிமிஷம் போலத்தான். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரும்போது பல்லை இறுக்குறீங்களான்னு கவனிங்க, இறுக்குனா தாடையைத் தளர்த்தி விடுங்க.