25 என்னும் விடை எங்கிருந்து வந்தது?

சிறு வகுப்புகளில் கணக்கும் அறிவியலும் கற்பிப்போருக்கான பயிற்சி குறித்து நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களுள் ஐந்துக்கு இந்த இதழில் விடை தரப்படுகிறது. கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சிக்குப் பருவந்தோறும் தவறாமல் செல்கிறேன். ஆடுகிறோம், பாடுகிறோம், அட்டை வெட்டுகிறோம். ஆனால் மூன்றாம் வகுப்பில் 32-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பேர் 25 என்று எழுதுகிறார்கள். இத்தனை பயிற்சியால் என்ன பயன்?
— ஆசிரியை, நாங்குநேரி வட்டாரம்

பதில்: பாதிப் பேர் ஒரே தவறான விடையை எழுதுகிறார்கள் என்றால் அது கவனக்குறைவு அன்று. கவனக்குறைவால் வரும் தவறுகள் ஆளுக்கொரு விதமாகச் சிதறிக் கிடக்கும். ஒரே விடை மீண்டும் மீண்டும் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது என்று பொருள். தங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்த 25 தான். ஏனெனில் அந்த விடைக்குக் குழந்தைகள் இரண்டு வேறு வழிகளில் வந்து சேர முடியும்.

ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்று கண்ட ஒரு குழந்தை, 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதிவிட்டு, பத்தின் இடத்தில் 3-இலிருந்து 1-ஐக் கழித்து 2 என்று எழுதுகிறது. ஏன் இப்படிச் செய்தாய் என்று அதனிடம் கேட்டால், “பெருசுலருந்துதான டீச்சர் சின்னதக் கழிக்கணும்” என்று விடை வரும். அந்த விதியை அதற்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் வேறு யாருமல்லர். ஒன்றாம் வகுப்பில், வேலை எளிதாக முடியட்டும் என்று, ஆசிரியர்களாகிய நாமேதான் சொல்லிக் கொடுத்தோம். இன்னொரு குழந்தை முறைப்படி கடன் வாங்கி 12-இலிருந்து 7-ஐக் கழித்து 5 என்று எழுதுகிறது. ஆனால் கடன் கொடுத்த 3 இப்போது 2 ஆகிவிட்டது என்பதை விட்டுவிட்டு, 3-இலிருந்து 1-ஐக் கழித்து 2 எழுதுகிறது. அங்கும் விடை 25 தான். முதல் குழந்தைக்குப் பத்தை உடைக்கலாம் என்பதே தெரியாது. இரண்டாவது குழந்தைக்கு அது தெரியும், உடைத்த பிறகு மிச்சம் எவ்வளவு என்பதுதான் பிடிபடவில்லை. இருவருக்கும் ஒரே சிவப்புக் குறியைப் போட்டு, இருவருக்கும் மீண்டும் அதே பாடத்தை நடத்துவதால் ஒருவருக்கும் பயனில்லை.

இவர்களைப் பிரித்தறியக் கணக்கை மாற்றிக் கொடுத்தால் போதும். 41-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். முதல் வகைக் குழந்தை 36 என்று எழுதும். இரண்டாம் வகைக் குழந்தை 34 என்று எழுதும். சரியான விடை 24. குறிப்பேட்டைத் திறந்த மாத்திரத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கற்பிப்போருக்கான பயிற்சி என்று நான் கருதுவது, இப்படிப்பட்ட கணக்கைத் தேடி எடுக்கக் கற்பதைத்தான். அட்டை வெட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்த அட்டை என்று தெரியாமல் வெட்டிய அட்டை, ஆய்வுக்கு வரும் அலுவலரின் பார்வைக்குத்தான் பயன்படும்.

கண்டறிந்த பிறகு செய்ய வேண்டியது பெரிய வேலையன்று. தென்னை ஈர்க்கைச் சிறு துண்டுகளாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, நான்கு கட்டுகளையும் ஓர் உதிரிக் குச்சியையும் குழந்தையின் கையில் கொடுத்து, அதிலிருந்து பதினேழு குச்சிகளைக் கேளுங்கள். குழந்தை ஒரு கட்டைக் கொடுத்துவிடும். பிறகு ஏழு குச்சிக்கு விழிக்கும். அப்போது நீங்கள் கட்டைப் பிரித்துக் காட்டிவிடாதீர்கள். பயிற்சிகளில் காட்டப்படும் மாதிரி வகுப்புகளில் பெரும்பாலும் கட்டைப் பிரிப்பவர் பயிற்சி தரும் கருத்தாளராகவே இருக்கிறார். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிரிக்கும் முடிவை எடுத்த கை குழந்தையுடையதாக இருந்தால்தான் அந்த முடிவு அதன் மனத்தில் நிற்கும். குழந்தையே ரப்பரைக் கழற்றியதும், “இப்போது எத்தனை கட்டு இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் வகைக் குழந்தைக்கு அந்த ஒரு கேள்வியே பெரும்பாலும் போதுமானது. முதல் வகைக்கு இன்னும் சில நாள்கள் பிடிக்கும்.

பயிற்சியின் பயனைப் பற்றிக் கேட்டீர்கள். 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கிப் பின்னர் ஐந்தாம் வகுப்பு வரை நீண்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து அந்தந்த நிலையிலிருந்து கற்பிக்கச் சொன்னது நல்ல செய்தி. ஆனால் மாநில அளவில் கருத்தாளர்களுக்கும், அவர்கள் வழியாக மாவட்டத்துக்கும், அங்கிருந்து வட்டார வள மையத்துக்கும் இறங்கி வரும் எந்தப் பயிற்சியும், கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதைப் போல, வழியில் பாதியை இழந்துதான் வருகிறது. செயல்பாடு வந்து சேர்கிறது. அந்தச் செயல்பாடு எதற்காக என்ற காரணம் வந்து சேர்வதில்லை. ஆகவே அடுத்த முறை, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குச் செல்லும்போது, வெறுங்கையோடு போகாமல், தவறான விடைகள் உள்ள ஐந்து குறிப்பேடுகளை எடுத்துச் செல்லுங்கள். பக்கத்து ஊர் ஆசிரியையிடமும் அப்படிக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேநீர் இடைவேளையில் இருவரும் அவற்றைக் காரண வாரியாகப் பிரித்துப் பாருங்கள். அந்தக் கால் மணி நேரத்துக்கு வருகைப் பதிவேட்டில் இடமிருக்காது என்பது வேறு விஷயம்.

கேள்வி: திக்‌ஷா என்னும் அரசின் இணையவழிக் கற்றல் தளத்தில் காணொலிகளைப் பார்த்துச் சான்றிதழ் பெறுகிறோம். ஆண்டுக்கு ஐம்பது மணி நேரம் என்ற கணக்கு இதில் நிறைவேறிவிடுமா?
— ஆசிரியர், வள்ளியூர்

பதில்: தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் குறைந்தது 50 மணி நேரத் தொடர் பணித்திறன் வளர்ச்சியைப் பரிந்துரைக்கிறது, இணையவழிப் பயிற்சியும் அதில் அடங்கும். எனவே மணிக்கணக்கு நிறைவேறிவிடும். அடுப்பில் குழம்பு கொதிக்க, அலைபேசியில் காணொலி தானாக ஓடிக்கொண்டிருந்த நேரமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதுதான் சங்கடம். ஒரு காணொலியில் கண்ட ஒரு கேள்வியை மறுநாள் மூன்று குழந்தைகளிடம் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்தீர்களானால், அந்த ஒரு மணி நேரத்தை நானும் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

கேள்வி: கடற்கரைக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். நான் அறிவியல் படித்தவள் அல்லள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நான் எப்படி அறிவியல் சொல்லிக் கொடுப்பது? எனக்கு என்ன பயிற்சி தேவை?
— அங்கன்வாடிப் பணியாளர், உவரி அருகே

பதில்: அந்த வயதுக்கு அறிவியலைச் ‘சொல்லிக் கொடுக்க’ வேண்டியதே இல்லை என்பதால், படிக்கவில்லையே என்ற கவலையை முதலில் விட்டுவிடுங்கள். தங்களுக்குத் தேவையான பயிற்சி, விடையை அவசரப்பட்டுச் சொல்லாமல் இருக்கும் பயிற்சிதான். பட்டம் பெற்றவர்களுக்கு அது இன்னும் கடினம்.

ஓர் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சிரட்டை, கூழாங்கல், பனங்கொட்டை, இரும்பு ஆணி, பெரிய விறகுத் துண்டு ஆகியவற்றைப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன்னால், மிதக்குமா முங்குமா என்று பிள்ளைகளைச் சொல்ல வையுங்கள். கனமானது முங்கும் என்று பலரும் சொல்வார்கள். அப்போது விறகுத் துண்டையும் ஆணியையும் கையில் தூக்கிப் பார்க்கச் செய்து, இரண்டையும் போடச் சொல்லுங்கள். கனமான விறகு மிதக்க, இலேசான ஆணி அடியில் போய்விடும். அங்கே அடர்த்தி என்ற விளக்கத்துக்குப் போக வேண்டாம். “ஏன் அப்படி?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். “கட்டைக்கு நீச்சல் தெரியும்” என்று ஒரு பிள்ளை சொன்னால் சிரிக்காமல், வேறு எதற்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று தேடச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொல்லிப் பார்ப்பதும், செய்து பார்த்துச் சொன்னதை மாற்றிக்கொள்வதும்தான் அந்த வயதின் அறிவியல்.

தங்கள் ஊர்க் கடற்கரை மணலும் நல்ல பாடம். ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி மணலுக்குள் இழுத்தால் கருந்துகள்கள் ஒட்டிக்கொள்ளும். தாளைப் பிரித்ததும் உதிர்ந்துவிடும். காந்தம் கைக்கு அடங்கும் அளவுக்குப் பெரியதாக இருக்கட்டும். பொத்தான் அளவுக் காந்தங்களைப் பிள்ளைகள் விழுங்கினால், இரண்டு காந்தங்கள் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

பயிற்சிகளில் இன்னும் அழுத்திச் சொல்லப்பட வேண்டிய ஒன்று: எண்ணுவதற்கும் கோலம் அடுக்குவதற்கும் அழகாக இருக்கிறதென்று குன்றிமணியைக் கொடுக்காதீர்கள். அதன் ஓட்டுக்குள் இருப்பது கொடிய நஞ்சு. மென்றால் உயிருக்கு ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே. புளியங்கொட்டை நல்லது, ஆனால் அதையும் மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது இது என்பதால், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். கணக்குப் பாடமும் அதிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: தனியார் மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. ஆசிரியை. அரைப் பரீட்சைக்குள் ஒன்று முதல் நூறு வரை எழுத வைக்க வேண்டும் என்கிறது நிர்வாகம். எங்களைப் பயிற்சிக்கு அனுப்புவதும் இல்லை. என்ன செய்வது?
— ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: நிர்வாகம் கேட்பது பெற்றோர் கேட்பதைத்தான். எனவே விளக்க வேண்டியதும் பெற்றோருக்குத்தான். 2022-இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு, மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழியாகவே கற்பிக்கச் சொல்கிறது என்று எடுத்துக் காட்டலாம். ஆனால் ஆவணத்தைக் காட்டி எந்தத் தாயும் மனம் மாறியதில்லை. கண்ணால் காணச் செய்யுங்கள்.

பெற்றோர் கூட்டத்தன்று, நூறு வரை ஒப்பிக்கும் ஒரு குழந்தையின் முன்னால் ஏழு பாட்டில் மூடிகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும், “அப்படியென்றால் எத்தனை?” என்று கேளுங்கள். பல குழந்தைகள் ஏழு என்று சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தைக் குறிக்கிறது என்பது அவர்களுக்கு இன்னும் வரவில்லை. ஏழு என்று சொல்லிவிட்டால், மூடிகளை அகலமாகப் பரப்பி வைத்து, இப்போது கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். கூடிவிட்டது என்றே பெரும்பாலான நான்கு வயதுக் குழந்தைகள் சொல்வார்கள்; குழந்தை உளவியலாளர் பியாஜே இதைக் கண்டு எழுதிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. எண்ணுதலுக்குள் ஐந்து தனித்தனிக் கொள்கைகள் இருப்பதை 1978-இல் உளவியலாளர்கள் ரோஷல் கெல்மனும் காலிஸ்டலும் பிரித்துக் காட்டினார்கள். நூறு வரை ஒப்பிப்பது அவற்றுள் ஒன்றே ஒன்றுக்குத்தான், அதாவது எண்களின் மாறாத வரிசைக்குத்தான், சான்று. குழந்தையைக் கேலிப்பொருள் ஆக்கிவிடாமல் இதைச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். வீட்டில் செய்து பார்க்கச் சொல்லி அனுப்புவது அதனினும் நல்லது.

பயிற்சிக்கு அனுப்பாவிட்டாலும், கொக்கிரகுளத்தில் 1987 முதல் இருந்துவரும் மாவட்ட அறிவியல் மையத்துக்குச் சக ஆசிரியைகளோடு, பிள்ளைகள் இல்லாமல், ஒரு முறை போய் வாருங்கள். பிள்ளைகளோடு போனால் தலை எண்ணுவதிலேயே நேரம் போய்விடும். ஆசிரியைகள் மட்டும் போனால் காட்சிப் பொருள்களைத் தொட்டு, இயக்கி, தமக்குள் வாதிட நேரம் கிடைக்கும்.

கேள்வி: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் பார்க்க வேண்டியுள்ளது. பயிற்சி நாள் எங்கள் பள்ளிக்குப் பாடமில்லாத நாள்.
— தலைமை ஆசிரியர், களக்காடு வட்டாரம்

பதில்: இந்தக் குறையைத் தீர்க்க வேண்டியது பயிற்சியைத் திட்டமிடுவோர்தான், அதை ஒளிவுமறைவின்றி வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். பயிற்சி பள்ளிக்கு அருகில் வர வேண்டும் என்பது புதிய கோரிக்கையும் அன்று. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், அருகருகே உள்ள ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுவது திட்டத்தின் ஓர் உறுப்பாகவே இருந்தது. அவர்கள் சொன்னவை பாடநூல் திருத்தத்துக்கும் போய்ச் சேர்ந்தன. அதை நம் குறுவள மையங்களிலும் செய்யலாம். ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கு வரும் நாளில், பதிவேடுகளைப் பார்ப்பதோடு நிற்காமல், இரண்டு குழந்தைகளின் பக்கத்தில் அமர்ந்து அவர்கள் கணக்குப் போடுவதைத் தங்களோடு சேர்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்; முனைஞ்சிப்பட்டி ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலிருந்து வருவோரிடமும் அதையே கேளுங்கள்.

தனியாக இருக்கும் நாளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். முற்றத்தில் ஒரு நேரான கம்பை நட்டு, அதன் நிழலைக் காலையிலிருந்து மணிக்கொரு முறை அளக்கச் செய்யுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சாண் போட்டு அளக்கட்டும். மூன்றாம் வகுப்பு அளவுகோலால் அளக்கட்டும். நான்கும் ஐந்தும் அட்டவணை எழுதட்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இதற்கு முன்னால் தாங்களும் தங்கள் சக ஆசிரியரும் ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து பாருங்கள். மணி பன்னிரண்டுக்கு நிழல் மிகக் குறுகும், உச்சிவேளையில் காணாமலே போகும் என்றுதான் நம்மில் பலரும் எண்ணுகிறோம். இந்திய நேரம் கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவதாலும், நெல்லைப் பகுதி அதற்கு மேற்கே இருப்பதாலும், இங்கே உச்சிப்பொழுது சராசரியாகப் பன்னிரண்டு இருபதை ஒட்டித்தான் வருகிறது. மாதத்துக்கு மாதம் சில நிமிடங்கள் மாறும். நிழல் அறவே இல்லாமற்போவது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் இறுதியிலும் மட்டும்தான். அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் சூரியன் நம் தலைக்கு வடக்கே செல்வதால் உச்சி நிழல் தெற்கே விழும்; மற்ற மாதங்களில் வடக்கே விழும். ஆகவே பள்ளி திறந்த ஜூன் மாதமே பதிவைத் தொடங்கிவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் நிழல் பக்கம் மாறியிருக்கும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் காரணம் கேட்பார்கள்.